ஒரு பக்கம் கேட்டோம், மூன்று பக்கம் வந்தது

வணக்கம்.

வெள்ளம் புகுந்து குடும்பத்தின் பழைய தாள்களை நனைத்த கூடத்தில் தண்ணீர் வடிந்து பத்தொன்பது நாள் ஆகிறது. என்ன நடந்தது என்று எழுதத் தேவையில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் அன்றிரவு அந்தக் கூடத்தில் முழங்கால் அளவு சேற்றில் நின்றவர்கள். அடிலெய்டில் இருக்கும் சம்பந்தி வீட்டுப் பெரியவர் கையில் நேற்று, அழிந்த ஏட்டுக்கு ஈடாக நாங்கள் தேடித் திரட்டிய தாள்கள் போய்ச் சேர்ந்தன. ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி முதல் தாளிலிருந்து பார்த்தார். அவர் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தனியே நன்றி எழுதுகிறார்கள். தமிழில் சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இந்த மடல்.

போனது என்ன என்பதை மட்டும் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெரியவரின் குடும்ப பைபிளில் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே பிறப்பு, திருமணம் எழுத விட்டிருக்கும் ஏடு ஒன்று உண்டு. 1847-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய அவர் முன்னோரான சுரங்கத் தொழிலாளியின் கல்யாண நாள், கல்யாணம் நடந்த ஊர், அந்தத் தொழிலாளியின் தகப்பன் பெயர் மூன்றும் அந்த ஏட்டில்தான் இருந்தன. பழைய மாசிக்காய் மையில் எழுதியது அப்படியே இருந்திருந்தால் தண்ணீருக்குப் பெரிதாக அசைந்திருக்காது, மங்கியிருக்கும், ஓடியிருக்காது. பிந்தைய தலைமுறையில் யாரோ, எழுத்து மங்குகிறதே என்ற நல்லெண்ணத்தில், அதன்மேலேயே காப்பியிங் பென்சிலால் அழுத்தி எழுதிவிட்டார்கள். அந்தப் பென்சில் ஈரம் பட்டால் ஊதாவாகக் கரையும். ஏடு முழுக்க ஊதா மேகம். கீழே இருந்த மூல எழுத்தையும் அது மூடிவிட்டது. (உங்கள் வீட்டில் பழைய கையெழுத்து மங்கியிருந்தால் தயவுசெய்து மேலே எழுதாதீர்கள். தனித்தாளில் படியெடுங்கள்.)

"அரசாங்கப் பதிவில் தகப்பன் பெயர் இருக்குமே, எதற்கு இவ்வளவு கலக்கம்?" என்று சிலர் கேட்டீர்கள். இருக்காது. தெற்கு ஆஸ்திரேலியாவில் அரசுப் பதிவு தொடங்கியது 1842 ஜூலை 1. அந்தக் காலத்து இறப்புப் பதிவு அங்கே மிகக் கஞ்சத்தனமானது: பெயர், நாள், வயது, தொழில், காரணம் என்ற அளவில் முடிந்துவிடும். பெற்றோர் பெயர் கேட்கவே மாட்டார்கள். பக்கத்துக் காலனியான விக்டோரியாவில் 1853 முதல் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், எங்கே யாரை மணந்தார், என்னென்ன பிள்ளைகள் என்று வரிசையாகக் கேட்டு எழுதினார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் பர்ரா செம்புச் சுரங்கத்திலேயே செத்தவனைப் பற்றி ஒரு வரி. 1851-52 தங்கவேட்டையில் விக்டோரியாவுக்கு ஓடிப்போய் அங்கே செத்தவனைப் பற்றி அரைப் பக்கம். ஆளைத் தேடி முட்டி நிற்பவர்கள் அவருடைய அண்ணன் தம்பி யாராவது விக்டோரியாவில் இறந்தார்களா என்று பாருங்கள், தகப்பன் ஒருவர்தானே. நம்மவருக்கு, அதாவது அந்தச் சுரங்கத் தொழிலாளிக்கு, அந்த வழியும் இல்லை. வீடு வீடாக எடுத்த குடிக்கணக்குத் தாள்களையும் அங்கே பெரும்பாலும் அழித்துவிட்டார்கள். ஆகவே அந்த ஏடு போனது என்றால் கயிறு அறுந்தது என்றுதான் பொருள்.

பெரியவர் நினைவில் இருந்தவை இரண்டு சொற்கள்: க்வெனாப் (கார்ன்வாலில் ஓர் ஊர்), 1836. கல்யாணப் பதிவுகளின் பெயர் அட்டவணையில் தேடினால் அதே ஆண்டில் அதே பெயரில் இரண்டு மாப்பிள்ளைகள், ஒருவர் க்வெனாப்பில், இன்னொருவர் ஒட்டியே இருக்கும் ரெட்ரூத்தில். கார்ன்வாலில் இது தினசரிச் சங்கதி. கையளவு குடும்பப்பெயர்கள், அதைவிடக் குறைவான முதற்பெயர்கள். நினைவை மட்டும் நம்பி ஒருவரை முன்னோர் என்று உட்கார வைக்க முடியாது.

இனி, க்வெனாப் பதிவேட்டின் படங்களை எடுத்து அனுப்பிய அம்மாவைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. ரெட்ரூத்தில் பழைய மதுவடிப்பாலைக் கட்டடத்தைப் புதுப்பித்து 2019-இல் திறந்த க்ரெசென் கெர்னோ என்ற ஆவணக் காப்பகத்துக்கு வேறு யாருக்காகவோ, வேறு ஏதோ தேடப் போனவர். போகிற போக்கில் க்வெனாப் திருமணப் பதிவு ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தோம். ஆமாம், இல்லை என்று ஒரு வரி வந்தாலே போதும் என்ற எதிர்பார்ப்பு. வந்தவை நான்கு படங்கள். கேட்ட பக்கம். அதற்கு முந்தைய பக்கம். பிந்தைய பக்கம். ஏட்டின் முதல் தாள். அளவு தெரிய ஓரத்தில் ஒரு மரச்சட்டம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்திருந்தார். அதோடு, கூட நிற்கிறவர்களையும் பாருங்கள் என்று ஒரு குறிப்பு. கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகியிருக்குமா? அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் இந்த மடலில் பாதி.

1837 ஜூலையில் இங்கிலாந்தில் அரசுப் பதிவு வரும்வரை, கோயில் திருமணப் பதிவேட்டில் மணமக்களின் தகப்பன் பெயர் இல்லை. 1813 முதல் அச்சிட்ட படிவம், பக்கத்துக்கு மூன்று திருமணம். இருவர் பெயர், எந்தப் பங்கை (கோயில் வட்டாரத்தை) சேர்ந்தவர்கள், ஓலை (கோயிலில் கல்யாண அறிவிப்பு) வாசித்தா உரிமம் வாங்கியா, நாள், குருவானவர் ஒப்பம், மணமக்கள் ஒப்பம், கீழே சாட்சிகள். அட்டவணை தயாரிப்பவர்கள் இவற்றில் எடுப்பது மணமக்கள் பெயரையும் நாளையும்தான். சாட்சிகளை விட்டுவிடுவார்கள். கையெழுத்தா, எழுதத் தெரியாதவர் இடும் பெருக்கல் குறியா என்பதும் போய்விடும். ஆயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய படிகள் இன்னொரு துணை. கார்ன்வாலுக்கு 1876 வரை எக்ஸிட்டர்தான் மறைமாவட்டம், ஆகவே அவற்றைப் பெரும்பாலும் எக்ஸிட்டர் இருக்கும் டெவன் கவுன்டியில் தேட வேண்டும். மூல ஏடு சிதைந்திருந்தால் அவை கைகொடுக்கும். ஆனால் எல்லாம் ஒரே கையால் எழுதிய படி என்பதால் உண்மையான ஒப்பம் இருக்காது, சாட்சிகளே விட்டுப்போயிருப்பதும் உண்டு.

மூன்று பக்கம் என்றால் ஒன்பது கல்யாணம், பதினெட்டுச் சாட்சி. கேட்ட பதிவில் இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்டிருந்தார்கள். அந்த ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தால் முதல் சாட்சியைத்தான் பிடித்திருப்போம்: அழகான, பழகிய கையெழுத்து, யாரோ வசதியான உறவினர் போலிருக்கிறது என்று தோன்றும். ஒன்பதையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அதே ஒப்பம் ஏழு கல்யாணத்தில் இருக்கிறது. அவர் உறவினர் அல்ல, கோயில் எழுத்தர். நம்மூரில் கோயில்பிள்ளை என்பார்களே, அந்த இடம். சாட்சிக்கு ஆள் குறைந்தால் அவரே போடுவார். இந்த இடத்தில் வழுக்கி விழுந்து, கோயில்பிள்ளையைத் தாய்மாமனாக்கி, அவர் பரம்பரையை நான்கு தலைமுறை தோண்டிய குடும்ப மரங்கள் எத்தனையோ.

இரண்டாம் சாட்சி அப்படி இல்லை. அவர் ஒப்பம் இன்னும் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது: பிந்தைய பக்கத்தில், மாப்பிள்ளையாக. மூன்று வாரம் கழித்து அவருக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் குடும்பப்பெயர் நம்மவருடையதே. அங்கே சாட்சி இடத்தில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் நம்மவர் பெயர். இவன் கல்யாணத்துக்கு அவன் சாட்சி, அவன் கல்யாணத்துக்கு இவன் சாட்சி. மச்சான் முறை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அடுத்துத் தேட வேண்டியது யாரை என்று தெரிந்துவிட்டது.

அடுத்த கட்டம் தெற்கு ஆஸ்திரேலிய அரசு ஆவணக் காப்பகத்தின் உதவிப்பயணப் பட்டியல்கள். 1845 முதல் 1886 வரை இருக்கின்றன. நிலம் விற்ற பணத்தில் உழைப்பாளிகளை இலவசமாகக் கொண்டுவருவது அந்தக் காலனி பிறந்ததிலிருந்தே இருந்த ஏற்பாடு. கைதிகளை அனுப்பாத காலனி அது. இந்தப் பட்டியலைப் படிக்கும்போது மறக்கக் கூடாதது கப்பலில் படுக்கை போட்ட முறை. கல்யாணமாகாத ஆண்கள் முன்பக்கம், குடும்பங்கள் நடுவில், கல்யாணமாகாத பெண்கள் பின்பக்கம். பட்டியலும் பெரும்பாலும் அதே மூன்று கூறாகத்தான் இருக்கும். பதினான்கு வயது தாண்டிய மகனோ மச்சினனோ குடும்பத்தோடு வந்திருந்தாலும் தனி ஆண்கள் பகுதியில்தான் கிடைப்பான். குடும்பப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு "மூத்தவன் ஊரிலேயே தங்கிவிட்டான்" என்று முடிவுகட்டுவது வழக்கமான பிழை.

நம்மவர் குடும்பத்துக்கு நான்கு வரி கீழே அந்த இரண்டாம் சாட்சி, மனைவி, மூன்று பிள்ளைகள். தனி ஆண்கள் பகுதியில், நம்மவர் மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரோடு பதினேழு வயதுப் பையன் ஒருவன். க்வெனாப் மாப்பிள்ளைதான் கப்பலேறியவர் என்பது இதற்குமேல் ஆட்டம் காணாது. இருந்தாலும் ரெட்ரூத்துக்காரரையும் விடவில்லை. 1851 மார்ச் 30 இரவு எடுத்த குடிக்கணக்கில் அவர் மனைவி மக்களோடு ரெட்ரூத்திலேயே இருக்கிறார். ஒரே பெயரில் இருவர் இருந்தால், நமக்கு வேண்டியவரைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடியாது. மற்றவர் எங்கே போனார் என்றும் காட்ட வேண்டும். 1841 கணக்கு இதற்கு அவ்வளவாக உதவாது. அதில் உறவுமுறை இல்லை, பிறந்த ஊர் இல்லை (அதே கவுன்டியா என்பதற்கு ஆம், இல்லை மட்டும்), பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். முப்பத்தெட்டு வயதுக்காரர் முப்பத்தைந்தாகிவிடுவார்.

கப்பல் பட்டியல் வயதையும் அப்படியே நம்பக் கூடாது. நாற்பதை நெருங்கினால் இலவசப் பயணம் கிடைப்பது கடினம் என்பதால் வயது சுருங்கும். தேவைப்பட்ட தொழில் எது என்பதைப் பொறுத்துத் தொழிலும் மாறும். நம்மவருக்கு முப்பத்தொன்று என்று போட்டிருந்தது. முன்னே பின்னே நான்கு ஆண்டு விட்டுத் தேடினோம்.

பிறகு தகப்பன் பெயர். 1813-இலிருந்து ஞானஸ்நானப் பதிவேடும் அச்சுப் படிவம், பக்கத்துக்கு எட்டுப் பதிவு. பெற்றோரின் முதற்பெயர், குடியிருப்பு, தகப்பன் தொழில் எல்லாம் உண்டு. சிக்கல், க்வெனாப்பில் அந்தச் சில ஆண்டுகளில் நம்மவர் பெயரில் மூன்று குழந்தைகள். மூவரின் தகப்பனும் சுரங்கக்காரர். இங்கேதான் அந்தப் பிந்தைய பக்கம் இரண்டாம் முறை கைகொடுத்தது. அதில் மணப்பெண்ணாக நின்ற தங்கையின் பெயர் அந்த வட்டாரத்திலும் அபூர்வமானது. மூன்று தம்பதிகளில் ஒரே ஒரு தம்பதிக்குத்தான் அந்தப் பெயரில் ஒரு மகள். அடக்கப் பதிவேட்டை 1836 வரை புரட்டி, அந்தப் பையன் சின்ன வயதில் இறக்கவில்லை என்றும் பார்த்தாயிற்று. இதைச் செய்யாமல் விட்டால் செத்த குழந்தையைக் கப்பலில் ஏற்றிவிடுவோம், முதல் குழந்தை இறந்தால் அடுத்ததற்கு அதே பெயரை வைக்கும் பழக்கம் அங்கே சாதாரணம். கடைசியாக ஒன்று: பர்ராவில் பிறந்த முதல் மகனுக்கு வைத்த பெயர் அந்தத் தகப்பனுடையதே. தனியாக இது சான்றாகாது. மற்றவற்றோடு சேர்ந்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

முதல் தாளின் படத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. குருவானவர் தம் சுருக்கெழுத்துகளை அதில்தான் குறித்து வைத்திருந்தார். ஆங்கிலத்தில் ஜே, என், ஓ என்று இருந்தால் ஜான், ஜே, ஏ, எஸ் என்றால் ஜேம்ஸ் என்பது பொதுவாகத் தெரிந்ததுதான். ஆனால் குடியிருப்புப் பெயர்களை அவர் சுருக்கிய விதம் அவருக்கு மட்டுமே உரியது. கார்ஹாரக், லானர் எல்லாம் அன்று அந்த ஒரே பங்குக்குள் பரவிக் கிடந்த குடியிருப்புகள். எது எது என்று அந்தத் தாள் இல்லாமல் பிரித்திருக்க முடியாது.

அம்மா, நீங்கள் தமிழ் படிக்க மாட்டீர்கள். சம்பந்தி வீட்டார் மொழிபெயர்த்துச் சொல்வார்கள். ஆவணக் காப்பக மேசையில் நேரம் எவ்வளவு இறுக்கமானது, கேட்ட ஏட்டை எடுத்து வரவே எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பது நாங்கள் அறிந்ததே. உங்கள் வேலையை நிறுத்திவிட்டு, முகம் தெரியாத ஒரு குடும்பத்துக்காக இரண்டு முறை தாளைப் புரட்டினீர்கள்.

மற்றவர்களையும் வரிசையாகச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள், சேர்த்துத்தான் சொல்லப் போகிறோம். முதல் இரவிலேயே தொலைபேசியில் "எதையும் பிரிக்காதீர்கள், விசிறியும் வேண்டாம், வெயிலும் வேண்டாம்" என்று தடுத்த தம்பிக்கு நன்றி. நனைந்த தாள் கட்டு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். அதற்குள் உலர்த்த முடியாதவற்றை உறைய வைத்துவிட்டால் அவகாசம் கிடைக்கும் என்று சொன்னது அவர்தான். இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் கட்டாக்கி, கட்டுக்கட்டாகப் பட்டர் பேப்பர் சுற்றி, புத்தகங்களை முதுகு கீழாக நிறுத்தி, மைனஸ் பதினெட்டு டிகிரிக்கு அனுப்பிய அத்தனை கைகளுக்கும் நன்றி. மீன் ஐஸ்பெட்டிகளைக் கழுவிக் கொடுத்த கடைக்காரருக்கும், தம் வீட்டு ஃப்ரீசரைக் காலிசெய்து பட்டாணியையும் இறைச்சியையும் பக்கத்து வீடுகளுக்குப் பங்கு வைத்த அக்காவுக்கும் நன்றி. தகரத் தகட்டுப் படங்களையும் கண்ணாடிப் படங்களையும் ஃப்ரீசரில் வைக்கப் போன கையைக் கடைசி நொடியில் பிடித்தாரே ஒருவர், அவருக்குத் தனியாக ஒன்று. உறைந்தால் அவற்றின் படலம் உரிந்துவிடும். கப்பல் பட்டியலை வரிக்கு வரி படித்துக்காட்டிய இருவருக்கும், "ஹெச்-சில் தேடாதீர்கள், கார்ன்வால்காரர் வாயில் ஹெச் நிற்காது, எழுத்தர் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருப்பார்" என்று சொல்லித் தனி ஆண்கள் பகுதியில் அந்தப் பையனைப் பிடித்துக்கொடுத்த மூத்தவருக்கும், சோறு கொண்டுவந்த எல்லோருக்கும்.

பர்ரா அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 160 கிலோமீட்டர். 1845-இல் செம்பு கிடைத்ததும் வீடு கட்டுவதற்கு முன்பே ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஓடைக்கரை மண்ணைக் குடைந்து, புகைபோக்கிக்கு மேலே ஒரு பீப்பாய் வைத்துக் குடியிருந்தார்கள். 1851-இல் அப்படி ஓடைக்கரைக்குள் இருந்தவர்கள் ஏறக்குறைய 1800 பேர். அதே ஆண்டு ஓடையில் வெள்ளம் வந்தது. குழிவீடுகள் பல போயின. நம்மவர் குடும்பம் அப்போது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். பைபிளின் பின்னட்டையில், இப்போதைய சேற்றுக் கறைக்கு அடியில், வேறொரு பழைய நீர்க்கோடு இருக்கிறது. 1851-ஆம் ஆண்டுக் கறைதான் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. அன்று யாரோ அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள மட்டும் அனுமதி கொடுங்கள்.

இனி யார் எங்களிடம் ஒரு பதிவு கேட்டாலும் முந்தைய பக்கம், பிந்தைய பக்கம், முதல் தாள் மூன்றையும் சேர்த்தே அனுப்புவோம். கேட்டவர் வேண்டாம் என்றாலும் அனுப்புவோம். கோப்பின் பெயரிலேயே பங்கு, ஆண்டு, பக்க எண் இருக்கும். எடுத்த படத்தை வெட்டிக் குறுக்க மாட்டோம், ஓரத்தில்தான் பல நேரம் விஷயம் இருக்கிறது.

ஃப்ரீசரில் இன்னும் மூன்று கடிதக் கட்டுகள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு கட்டு மட்டும் வெளியே எடுத்து, உறிஞ்சுதாள் மாற்றி மாற்றி உலர்த்துவதாகத் திட்டம். நடுக் கட்டின் ஓரத்தில் அதே ஊதா நிறம் கசிந்திருக்கிறது. அதை ஒற்றியெடுக்கக் கூடாது என்பதால் அதைக் கடைசியில்தான் திறப்போம். வெள்ளிக்கிழமை முதல் கட்டு. உறிஞ்சுதாள் மாற்ற இரண்டு பேர் குறைகிறார்கள், வரக்கூடியவர்கள் சொல்லுங்கள்.